கே.ரி.66: ஒரு கண்ணாடிக் குழாயின் கதை

வால்வு சூடேறும்வரை காத்திருந்து இலங்கை வானொலிச் செய்தியைக் கேட்ட தலைமுறைக்கு, பழுதான வால்வைக் கழற்றிப் புதியதைச் செருகுவது மின்குமிழை மாற்றுவது போன்றதொரு காரியமே. வால்வு தேய்ந்துபோகும் உறுப்பு என்பதை அறிந்தே அக்காலப் பொறியியலாளர்கள் அதனை ஈயத்தால் ஒட்டாமல், கழற்றக்கூடிய தாங்கியிற் பொருத்தினர். கருவி நிலைத்திருக்க, அதற்கு வால்வு செய்த தொழிற்சாலை மறைந்துவிடும் என்பதை அவர்கள் எண்ணியிருக்கமாட்டார்கள்.

இலண்டன் ஹமர்ஸ்மித்திலிருந்த எம்.ஓ. வால்வு நிறுவனம் 1937இல் கே.ரி.66 வால்வை வெளியிட்டது. அங்கு பணியாற்றிய காலத்தில் டி.ரி.என். வில்லியம்சன் அதனைக் கொண்டு வடிவமைத்த அம்பிளிபயரின் விபரம், 1947 ஏப்ரலில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' சஞ்சிகையில் வெளிவந்தது. உயர்தர ஒலி வீடுகளுக்குள் நுழைய அக்கட்டுரை பெரிதும் காரணமாயிற்று. அதே ஆண்டு டிசெம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ரான்சிஸ்ரர் பிறந்தது. வால்வின் புகழும் அதன் வீழ்ச்சியும் ஒரே ஆண்டில் தொடங்கின எனலாம்.

1953இல் பீற்றர் வோக்கரின் நிறுவனம் ஹன்ரிங்டனிலிருந்து வெளியிட்ட குவாட் 2 அம்பிளிபயரிலும் இரண்டு கே.ரி.66 வால்வுகளே இருந்தன. வலு 15 வாற்று மாத்திரமே. ஆயினும் அக்கருவிகள் பல இன்றும் இசைத்துக் கொண்டிருக்கின்றன.

இக்கருவியில் வால்வின் அனோட்டுத் தகடு செந்நிறமாகக் கனலத் தொடங்கினால், அனுபவமற்றவர் வால்வையே குறை கூறுவார். பெரும்பாலும் குற்றவாளி வேறு. முன்நிலை வால்வையும் கே.ரி.66ஐயும் இணைக்கும் சிறிய கொள்ளளவி முதுமையினாற் கசிய, நேரோட்டம் வால்வின் கட்டுப்பாட்டு வலையை அடைகின்றது. வால்வு அளவுமீறி மின்னைக் கடத்துகின்றது. இரு வால்வுகளுக்கும் பொதுவான 180 ஓம் தடையியும் சூட்டில் வாடித் தன் பெறுமானத்தை இழக்கும். இவற்றை மாற்றாமற் புதிய வால்வைச் செருகினால் அதுவும் விரைவில் மாண்டுவிடும். மின்னை நிறுத்திய பின்னரும் உள்ளே 300 வோல்ற்றுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும் என்பதால், இது பொழுதுபோக்காகக் கைவைக்கும் இடமுமன்று.

கொள்ளளவியும் தடையியும் எங்கும் கிடைக்கும். வால்வு அப்படியன்று. ஹமர்ஸ்மித் தொழிற்சாலை 1988இல் மூடப்பட்டது. எஞ்சிய பழைய இருப்பு பொன்னின் மதிப்பைப் பெற்றது.

உதவி வந்தது எதிர்முகாமிலிருந்து! 1976 செப்டெம்பர் 6ஆம் திகதி சோவியத் விமானி பெலெங்கோ தமது மிக்-25 போர்விமானத்துடன் ஜப்பானின் ஹக்கோடாட்டேயில் இறங்கியபோது, அதனைப் பிரித்துப் பார்த்த மேற்குலக நிபுணர்கள் உள்ளே வால்வுகளைக் கண்டு வியந்தனர். மேற்கு கைவிட்டதைச் சோவியத் இராணுவம் கைவிடவில்லை. ஆகவே தொழிற்சாலைகளும் கைத்திறனும் அங்கு உயிர்தப்பின. சோவியத் ஒன்றியம் சிதைந்த பின்னர், வொல்கா நதிக்கரையிலுள்ள சராத்தோவ் தொழிற்சாலையை அமெரிக்கரான மைக் மத்தியூஸ் வாங்கினார். பழைய பிரித்தானிய வணிகப்பெயரான 'கோல்ட் லயன்' பொறித்த கே.ரி.66 வால்வுகள் அங்கிருந்து வரலாயின.

2022 பெப்ரவரியில் ரஷ்யா உக்ரேன் மீது படையெடுத்தது. மார்ச்சில் மொஸ்கோ விதித்த ஏற்றுமதித் தடையில் இவ்வால்வுகளும் சிக்கின. பின்னர் அவை மீண்டும் வரத்தொடங்கினாலும், குவாட் வைத்திருப்போர் பலரின் கண்கள் அவ்வேளையில் ஸ்லோவாக்கியாவின் சாட்சா நகரை நோக்கித் திரும்பியிருந்தன. முன்னைய செக்கோஸ்லோவாக்கிய அரச நிறுவனமான ரெஸ்லாவின் மரபில் வந்த தொழிற்சாலையொன்று அங்கேயும் கே.ரி.66 செய்கின்றது.