எம்டனின் நான்காவது புகைபோக்கி

"அவன் சரியான எம்டன்டா!" என்று நம்ம ஊர்ப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்த எம்டன் ஒரு ஜெர்மன் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைக்கு வந்து, அரை மணி நேரத்துக்குள் 100 குண்டுகளுக்கு மேல் சுட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டாங்குகளைக் கொளுத்திவிட்டுப் போனது. இது பலருக்கும் தெரிந்த கதைதான். நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த கதை.

அந்தக் காலத்தில் தூரத்தில் வரும் கப்பலை அடையாளம் காணப் புகைபோக்கிகளை எண்ணுவார்கள். எம்டனுக்கு மூன்று. கேப்டன் வான் முல்லர் போலியாக நான்காவது ஒன்றைச் செய்து நிறுத்தினார். பார்த்தால் யார்மவுத் என்ற பிரிட்டிஷ் கப்பல் மாதிரியே இருக்கும். அக்டோபர் 28 விடியற்காலை இந்த வேஷத்தோடு பினாங்கு துறைமுகத்துக்குள் நுழைந்து, ஜெம்சுக் என்ற ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. சுமார் 90 பேர் இறந்தார்கள்.

நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவில் வேஷம் கலைந்தது. அங்கிருந்த தந்தி நிலையத்துக்காரர்கள் புகைபோக்கி போலி என்று கண்டுகொண்டு உடனே தகவல் அனுப்பிவிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் வந்து எம்டனின் கதையை முடித்தது.

சரி, இன்றைக்கு? மரக்காணம் கடற்கரையில் நின்று மொபைலைத் திறந்தால் தூரத்தில் போகும் கப்பலின் பெயரைப் பார்த்துவிடலாம். ஏ.ஐ.எஸ். என்ற கருவி செய்யும் வேலை. ஆனால் அதில் இடமும் வேகமும்தான் ஜி.பி.எஸ்.ஸிலிருந்து தானாக வருகின்றன. பெயர், எண், போகும் ஊர் எல்லாம் மனிதர்கள் உள்ளே போடுவது. பொய்யாகப் போட்டாலும் கருவி அப்படியே ஒலிபரப்பும். ஜி.பி.எஸ். சிக்னலையும் ஏமாற்ற ஆட்கள் இருக்கிறார்கள்.

கப்பலுக்கு 7 இலக்க ஐ.எம்.ஓ. எண் உண்டு. உதாரணம் 9074729. முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். 139 வரும். அதன் கடைசி இலக்கம் 9, எண்ணின் கடைசி இலக்கமும் 9. டேலி ஆகிவிட்டது! ஆனால் உடைத்துப் போட்ட பழைய கப்பலின் எண்ணைத் திருடிப் போட்டாலும் இதே மாதிரி டேலி ஆகும். அப்படிச் செய்பவர்களும் இருக்கிறார்கள்.

பி.காம். படிப்பவர்களுக்கு இது புதிதல்ல. ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆனதால் மட்டும் கணக்கு உண்மையாகிவிடாது, வவுச்சரைப் பார்க்க வேண்டும். கப்பலுக்கு வவுச்சர் என்பது செயற்கைக்கோள் படமும் துறைமுகப் பதிவேடும். பினாங்கில் புகைபோக்கியை எண்ணியதோடு விட்டுவிட்டார்கள். கோகோஸ் தீவில் அது நிஜமா என்றும் பார்த்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.