மென்பொருள் வேலைக்கான நேர்முகப் பரீட்சை வந்த வழி



எம்மிடம் ஏ.எல். கணிதம் படித்து, கணினி விஞ்ஞானத்தில் பட்டமும் பெற்ற மாணவி ஒருவர் அண்மையில் கொழும்பில் நேர்முகப் பரீட்சைக்குப் போய்வந்தார். மூவர் பார்த்திருக்க வெண்பலகையில் கோட் எழுதச் சொன்னார்களாம். தெரிந்த கணக்குத்தான்; கை ஓடவில்லை. "எனக்கு இந்தத் துறை சரிவராது சேர்" என்றார். அவருக்குச் சொன்னதை எல்லோருக்குமாக எழுதுகிறோம்.

1950களில் புரோகிராம் எழுதுவோருக்கென்று பட்டப்படிப்பு இருக்கவில்லை. அமெரிக்காவின் முதலாவது கணினி விஞ்ஞானத் துறை பர்டியூ பல்கலைக்கழகத்தில் 1962இல்தான் தொடங்கியது. ஆகவே ஆட்களைத் தெரிவுசெய்ய ஐ.பி.எம். நிறுவனம் 1955இல் உளச்சார்புப் பரீட்சை ஒன்றைக் கொண்டுவந்தது. இலக்கத் தொடர், உருவ ஒப்பீடு, கணக்கு என்று எமது போட்டிப் பரீட்சைகளின் நுண்ணறிவு வினாத்தாள் போன்றதுதான் அதுவும்.

பின்னர் மைக்ரோசொஃப்ட் புதிர்களுக்குப் பெயர்போனது. வீதியிலுள்ள மேன்ஹோல் மூடி ஏன் வட்டமாக இருக்கிறது என்பது அதில் பிரபலமான கேள்வி. மற்றவர்களும் அதையே பின்பற்றினார்கள். 2013இல் கூகுளின் ஆளணிப் பிரிவுத் தலைவராக இருந்த லாஸ்லோ பொக், இத்தகைய புதிர்கள் வெறும் நேர விரயம், அவை எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை என்று பகிரங்கமாகவே ஒப்புக்கொண்டார்.

இதற்கிடையில் கோட் எழுதவைக்கும் முறை வேரூன்றியது. 2007இல் பரவிய 'ஃபிஸ்பஸ்' கேள்வி, வகுப்பில் நாம் பிள்ளைகளுக்கு வகுத்தல் பழக்கும் விளையாட்டேதான்: 3இன் மடங்குக்கு ஒரு சொல், 5இன் மடங்குக்கு இன்னொரு சொல், இரண்டுக்கும் பொதுவென்றால் இரண்டையும் சேர்த்து.

2020இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசொஃப்டும் 48 மாணவர்களிடம் ஓர் ஆய்வு செய்தன. ஒரு பகுதியினர் தனி அறையில் வெண்பலகையில் எழுதினர். மற்றவர்கள் ஒருவர் பார்த்திருக்க, பேசிக்கொண்டே எழுதினர். பார்வைக்கு முன் எழுதியவர்களின் திறன் பாதிக்கும் கீழே போனது. பார்க்கப்பட்ட பெண்களில் ஒருவருக்கும் சரிவரவில்லை. தனியே எழுதிய பெண்கள் அனைவருமே சரியாகச் செய்தார்கள். தொகை சிறியதுதான். ஆனாலும் எமது மாணவியின் கதை அதில் இருக்கிறது.

ஆசிரியர் கலாசாலையில் விரிவுரையாளர் பின்வாங்கில் இருந்து குறிப்பெடுக்க நாம் எடுத்த முதல் பாடமும் அப்படித்தான் தடுமாறியது. பத்தாவது பாடத்தில் அவர் இருப்பதே மறந்துபோனது.

இன்று பொதுவாக எதிர்பார்க்க வேண்டியவை: தொலைபேசியில் சிறு உரையாடல், ஒன்லைனில் கோட் பரீட்சை, நேரில் ஒரு கணக்கு, செய்த புரொஜெக்ட் பற்றிய கேள்விகள். கணக்கைக் கண்டதும் எழுதத் தொடங்காதீர்கள். கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள். சிறிய உதாரணமொன்றைப் போட்டுப் பாருங்கள். நினைப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பாடசாலை விட்ட பிறகு எமது வகுப்பறைப் பலகை சும்மாதான் இருக்கிறது. வந்து எழுதுங்கள் பிள்ளைகளே. நாங்கள் பின்வாங்கில் இருந்து பார்க்கிறோம். அந்த மாணவியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், இன்ஷா அல்லாஹ்.