தட்டேந்திய கைகள்

கடற்படையில் புதிதாகச் சேரும் இளைஞன் பீரங்கியருகே நிற்பானா, பொறியறையில் உழைப்பானா, தந்திக் கருவியின் முன் அமர்வானா என்பதை எது தீர்மானிக்கிறது? தேர்வு மதிப்பெண், உடற்தகுதி, கப்பலின் தேவை, சிறிது சொந்த விருப்பம் என்று நாம் விடை சொல்வோம். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்கக் கடற்படையில் ஒரு சாராருக்கு இக்கேள்வியே எழவில்லை. தோலின் நிறம் விடையை முன்பே எழுதி வைத்திருந்தது.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது கறுப்பின மாலுமிகள் வெள்ளையரோடு ஒரே கப்பல்களில் பணியாற்றியவர்களே. பின்னர் அவ்வழி குறுகியது. 1919 முதல் 1932 வரை அவர்களைப் புதிதாகச் சேர்ப்பதே நின்றுபோயிற்று. மீண்டும் கதவு திறந்தபோது, அது மெஸ் பணி என்னும் ஒற்றை அறைக்குள் மட்டுமே திறந்தது. அதிகாரிகளுக்கு உணவு பரிமாறுதல், படுக்கை விரித்தல், காலணிக்கு மெருகேற்றுதல், துணி சேகரித்தல் ஆகியனவே அங்கு வேலை.

டெக்சாஸின் வேக்கோ நகரத்து டோரிஸ் மில்லர் 1939-இல் அவ்வறைக்குள் நுழைந்தவர். 1941 டிசம்பர் 7 காலை, பேர்ல் துறைமுகத்தில் 'வெஸ்ட் வர்ஜீனியா' போர்க்கப்பலில் அவர் சலவைத் துணி சேகரித்துக்கொண்டிருந்தபோது ஜப்பானிய விமானங்கள் தாக்கின. படுகாயமுற்ற கப்பல் தலைவரை நகர்த்த உதவிய பின், தமக்கு எவரும் பயிற்றுவிக்காத விமான எதிர்ப்பு இயந்திரத் துப்பாக்கியைப் பற்றிக் குண்டுகள் தீரும்வரை சுட்டார். தொடக்கத்தில் வந்த செய்திகளில் அவருக்குப் பெயர்கூட இல்லை. 'கறுப்பினப் பணியாள்' என்பதே அடையாளம். 1942 மே 27 அன்று அட்மிரல் நிமிட்ஸ் அவர் நெஞ்சில் 'நேவி கிராஸ்' பதக்கத்தைக் குத்தினார். ஆயினும் பணிப்பிரிவு மாறவில்லை. 1943 நவம்பர் 24 அன்று 'லிஸ்கம் பே' கப்பல் மூழ்கடிக்கப்பட்டபோது அவர் சமையற்காரராகவே இறந்தார்.

1942 ஜூன் முதல் பிற பிரிவுகள் கறுப்பினத்தவர்க்குத் திறந்தன. ஆனால் வந்தவர்களுள் பலர் கரையில் மூட்டை சுமக்கவும் வெடிபொருள் ஏற்றவுமே அனுப்பப்பட்டனர். 1944 ஜூலை 17 அன்று கலிஃபோர்னியாவின் போர்ட் சிகாகோ துறையில் நேர்ந்த வெடிவிபத்தில் 320 பேர் மாண்டனர். அவர்களுள் 202 பேர் கறுப்பினத்தவர். தக்க பயிற்சியின்றி அதே வேலைக்குத் திரும்ப மறுத்தோருள் 50 பேர் கலகக் குற்றம் சாட்டப்பெற்றுத் தண்டனை அடைந்தனர். அக்களங்கம் நீங்க 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தட்டு மட்டும் மேசையை விட்டு நீங்கவில்லை. ஏந்தும் கைகளே மாறின. 1947-இல் ஏற்பட்ட இராணுவத் தள ஒப்பந்தத்தின்பின் பிலிப்பைன்ஸ் நாட்டு இளைஞர்கள் இப்படையில் சேர்ந்தனர். கல்லூரிப் படிப்பு முடித்தவர்களும் அவர்களுள் உண்டு. எனினும் 1970-களின் தொடக்கம் வரை அவர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தது அதே பரிமாறும் பணிதான்.

சமைப்பதோ பரிமாறுவதோ இழிவன்று. பசித்தோர்க்குச் சோறிடுதல் நம் மரபில் அறமே. மனிதனைக் கண்டு வேலையைத் தேராமல், பிறப்பைக் கண்டு வேலையை எழுதிவைப்பதே இழிவு. சாதியின் பெயரால் தொழில் வகுத்த மண்ணில் வாழும் நமக்கு இது அயல்நாட்டுக் கதையாக மட்டும் தோன்றுமா?

2020-இல் விமானந்தாங்கிக் கப்பல் ஒன்றுக்கு மில்லரின் பெயர் சூட்டப்படும் என அறிவிக்கப்பட்டது. துப்பாக்கிப் பயிற்சிக்குத் தகுதியற்றவர் என ஒதுக்கப்பட்டவரின் பெயர் இனி ஒரு போர்க்கப்பலுக்கு உரியது.