கடற்பிணக்குகளும் ஆங்கிலச் சொற்களும்: ஒரு வரலாற்று நோக்கு

தமிழ் மொழிமூலம் கல்வி பயின்று பல்கலைக்கழகம் புகும் மாணவன், தன் ஆங்கிலச் சொல்வளத்தைப் பெருக்கிக்கொள்ள ஆங்கிலப் பத்திரிகையை நாடுவது வழமை. அவ்வாறு நாடுபவனைக் கடல் எல்லைப் பிணக்குகள் பற்றிய செய்திகள் பெரிதும் மயங்க வைக்கின்றன. அவற்றில் வரும் சொற்கள் கடினமானவையல்ல. கடல், பாறை, தீவு, கோடு என்று பொருள்படும் அச்சொற்கள் ஆரம்ப வகுப்பிலேயே கற்கப்பட்டவை. ஆயினும் செய்தியை வாசித்து முடித்த பின்னரும், நாடுகள் எதற்காக மோதிக்கொள்கின்றன என்பது விளங்குவதில்லை. எளிய சொற்கள் மீது நானூறு ஆண்டுக் கால வரலாறு ஏற்றிவைத்த சட்டப் பொருளே இம்மயக்கத்துக்குக் காரணமாகும். அவ்வரலாற்றைச் சில சொற்களின் வழியே நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் 'ஹை சீஸ்' என்ற தொடரை எடுத்துக்கொள்ளலாம். 'ஹை' என்பதற்கு உயரம் என்றே மாணவன் பொருள் கொள்வான். இங்கு அத்தொடர், எந்த அரசின் ஆணைக்கும் உட்படாத திறந்த கடலைக் குறிக்கின்றது. இக்கருத்தை ஐரோப்பிய அறிவுலகில் வலுவாக நிலைநாட்டிய நூல் ஆசியக் கடலில் நடந்த ஒரு கைப்பற்றலின் விளைவாகும். 1603ஆம் ஆண்டில் ஒல்லாந்தர், சிங்கப்பூருக்கு அண்மையில் 'சாந்தா கத்தரீனா' என்ற போர்த்துக்கேயக் கப்பலைக் கைப்பற்றினர். அச்செயலை நியாயப்படுத்தும் பொறுப்பு ஹியூகோ குரோசியஸ் என்ற இளம் சட்ட அறிஞரைச் சார்ந்தது. அவர் எழுதியவற்றின் ஒரு பகுதியே 1609இல் 'மாரே லிபரும்', அதாவது 'சுதந்திரக் கடல்', என்ற பெயரில் வெளிவந்தது. இதற்கு மாறாக ஆங்கிலேயரான ஜோன் செல்டன் 1635இல் 'மாரே குளோசம்', அதாவது 'மூடிய கடல்', என்ற நூலை வெளியிட்டார். சுதந்திரக் கடலை வேண்டி நின்ற அதே ஒல்லாந்துக் கம்பனிதான் பின்னர் இலங்கையின் கறுவா வர்த்தகத்தைத் தனக்கே உரியதாக்கிக் கொண்டது என்பதும் ஈண்டு நினைவுகொள்ளத்தக்கது.

திறந்த கடல் ஒன்று உண்டெனின், கரைநாட்டுக்கு உரிய கடல் எங்கே முடிகிறது என்ற வினா எழுகின்றது. 'ரெரிற்றோரியல் சீ' எனப்படும் ஆள்புலக் கடல் இவ்வினாவுக்கான விடையாகும். ஆயுதத்தின் வலிமை முடியுமிடத்தில் நிலத்தின் ஆட்சியும் முடியும் என்று ஒல்லாந்துச் சட்ட அறிஞர் பின்கர்ஷூக் 1702இல் எழுதினார். கரையிலிருந்து பீரங்கிக் குண்டு சென்று விழும் தூரம் என்ற இந்த அளவுகோல், நாளடைவில் மூன்று மைல் என்ற எண்ணாக உருப்பெற்றது. வலிமை மிக்க கடற்படையுடைய பிரித்தானியா போன்ற நாடுகள் இக்குறுகிய எல்லையையே விரும்பின. பிறர்க்குரிய கடல் சிறுத்திருக்குமாயின், தம் கப்பல்கள் தடையின்றிச் செல்லும் கடல் பெருத்திருக்கும் என்பதே அதன் காரணம்.

இரண்டாம் உலகப் போரின் முடிவு இச்சொற்களையும் அசைத்தது. 1945 செப்டெம்பரில் அமெரிக்க சனாதிபதி ட்ரூமன், தம் நாட்டுக் கரையை ஒட்டிய கண்டமேடையின் இயற்கை வளங்கள் தம் நாட்டுக்கே உரியவை எனப் பிரகடனம் செய்தார். புவியியற் பாடநூலிலிருந்த 'கண்டமேடை' என்ற சொல் அன்று அரசியற் சொல்லாயிற்று. எண்ணெய்க்காக வல்லரசொன்று எல்லையை விரிக்கலாமெனின், மீனுக்காகச் சிறிய நாடுகள் ஏன் விரிக்கலாகாது? சிலி, பெரு, எக்குவடோர் ஆகிய மூன்று நாடுகளும் 1952இல் 200 கடல் மைல் வரை உரிமை கோரின. ஐஸ்லாந்து தன் மீன்பிடி எல்லையை 1958இல் 12 மைலாகவும், 1972இல் 50 மைலாகவும், 1975இல் 200 மைலாகவும் விரித்தது. பிரித்தானியா போர்க்கப்பல்களை அனுப்பியது. ஐஸ்லாந்துக் காவற்கப்பல்கள் பிரித்தானிய மீன்பிடிக் கப்பல்களின் வலைக்கம்பிகளை அறுத்தன. 'கோல்ட் வோர்' என்ற பனிப்போரின் பெயரைத் திரித்து, 'கொட்' என்ற மீனின் பெயரால் இப்பிணக்கைக் 'கொட் வோர்' எனப் பத்திரிகைகள் அழைத்தன. இச்சிலேடையை விளங்கிக்கொள்ள இரண்டு சொற்களும் ஒரு காலகட்டத்தின் அரசியலும் தெரிந்திருத்தல் வேண்டும். 1976இல் அப்பிணக்கு ஐஸ்லாந்துக்குச் சாதகமாக முடிவுற்றது. அடுத்த ஆண்டிலேயே பிரித்தானியாவும் 200 மைல் மீன்பிடி எல்லையை மேற்கொண்டது.

இக்குழப்பங்களுக்கு ஒழுங்கு காண்பதற்காக ஐக்கிய நாடுகளின் மூன்றாவது கடற்சட்ட மாநாடு 1973இல் தொடங்கியது. இலங்கையைச் சேர்ந்த ஹமில்டன் ஷேர்லி அமரசிங்க, 1980இல் மறையும்வரை அதன் தலைவராக விளங்கினார் என்பது குறிப்பிடத்தக்கது. 1982இல் கையொப்பமிடப்பட்டு 1994இல் நடைமுறைக்கு வந்த சமவாயம், ஆள்புலக் கடலுக்கு 12 கடல் மைலும், தனிப் பொருளாதார வலயத்துக்கு 200 கடல் மைலும் உச்ச எல்லைகளாக விதித்தது.

இச்சமவாயத்தின் பின்னர், செய்திகளில் மூன்று சொற்கள் பெருமதிப்புப் பெற்றன. கடல் வற்றும்போது மட்டும் வெளித்தெரிவது 'லோ டைட் எலிவேசன்'. நடுக்கடலில் தனித்துக் கிடக்குமாயின் அதற்கு ஆள்புலக் கடலே இல்லை. பெருக்கின்போதும் நீருக்கு மேல் நிற்பினும், மனித வாழ்வையோ சொந்தப் பொருளாதார வாழ்வையோ தாங்க இயலாதது 'றொக்'. அதற்கு 12 மைல் ஆள்புலக் கடல் உண்டு. பொருளாதார வலயம் இல்லை. அவ்வாழ்வைத் தாங்கவல்ல 'ஐலன்ட்' 200 மைலையும் பெறும். கணக்கிட்டு நோக்கின், சிறு புள்ளியொன்றைச் சுற்றி 12 மைல் ஆரையுடைய வட்டம் சுமார் 450 சதுரக் கடல் மைல் பரப்புடையது. 200 மைல் ஆரையுடைய வட்டமோ சுமார் 125,000 சதுரக் கடல் மைல் பரப்புடையது. ஒரு சொல்லுக்கும் மற்றொரு சொல்லுக்கும் இடையில் இத்துணை கடல் கிடக்கின்றது.

தென்சீனக் கடல் பற்றிப் பிலிப்பைன் 2013இல் சீனாவுக்கு எதிராகத் தொடுத்த வழக்கு இதனை நன்கு காட்டும். நடுத்தீர்ப்பு மன்றம் 2016 யூலை 12ஆம் நாள் தீர்ப்பளித்தது. ஸ்பிராட்லி கூட்டத்தில் இயற்கையாக அமைந்தவற்றுள் மிகப் பெரியதும் தாய்வான் வசமுள்ளதுமான இத்து அபாவும் சட்டத்தின் நோக்கில் 'றொக்' என்றே கொள்ளப்பட்டது. வெளியிலிருந்து வரும் பொருள்களால் வாழும் படையினர் அங்கே இருப்பது, அந்நிலம் தானே மனித வாழ்வைத் தாங்குவதற்குச் சான்றாகாது என மன்றம் கருதியது. சீனா இத்தீர்ப்பை ஏற்க மறுத்தது.

பெயர்களும் பிணக்கிலிருந்து விலகி நிற்பதில்லை. 1784இல் அங்கு தட்டிய ஆங்கிலக் கப்பலொன்றின் பெயரால் 'ஸ்காபரோ ஷோல்' என வழங்குவதைச் சீனா 'ஹுவாங்யன் தாவோ' என்கிறது. 'ஷோல்' என்பது ஆழமற்ற திட்டு. 'தாவோ' என்பது தீவு. பெயரைச் சொல்லும்போதே ஒரு வாதம் முன்வைக்கப்படுகின்றது. அது யாருக்குரியது என்ற வினாவை மன்றம் தீர்க்கவில்லை. எனினும், அங்கு பரம்பரையாக மீன்பிடித்து வந்த பிலிப்பைன் மீனவரைத் தடுத்தது சட்டத்துக்கு முரணானது எனத் தீர்த்தது.

இங்கே தமிழ் வாசகனுக்கும் மொழிபெயர்ப்பாளனுக்கும் ஒரு கடமை உண்டு. திட்டு, பாறை, முருகைக்கற்பார், தீவு எனத் தமிழிலும் வேறுவேறு சொற்கள் உள. இவை யாவற்றையும் தீவு என்றே எழுதிச் செல்லும் மொழிபெயர்ப்பு, தன்னை அறியாமலே வழக்கில் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகின்றது. இச்சொற்களின் விளைவை முதலில் அனுபவிப்பவன் கடலில் வலை வீசும் மீனவனே. அவன் தொழிலாளியா, எல்லை மீறிய குற்றவாளியா என்பது இவற்றுள் ஒரு சொல்லைப் பொறுத்து மாறக்கூடும். ஆகவே, கடற்பிணக்குச் செய்தியிலிருந்து ஆங்கிலம் கற்பவன் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் எழுதிக்கொள்வதோடு அமையலாகாது. அச்சொல்லை உரைப்பவர் யார், அதனால் எவ்வளவு கடல் எவருக்குக் கிடைக்கின்றது, எவர் அதனை இழக்கின்றார் என்பவற்றையும் அதன் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுதல் வேண்டும்.