ஏழாண்டுக் காத்திருப்பு

1959ஆம் ஆண்டு, வ. விஜயபாஸ்கரன் நடத்திவந்த 'சரஸ்வதி' இதழில் ஒரு நாவல் தொடராக வெளிவரலாயிற்று. எழுதியவர் நாகர்கோவிலைச் சேர்ந்த, முப்பது வயது நிரம்பாத சுந்தர ராமசாமி. தொடர் முற்றுப்பெறாமலே நின்றது. 1962இல் இதழும் நின்றுபோயிற்று. அந்நாவல் 'ஒரு புளியமரத்தின் கதை' என்னும் முழு நூலாகத் தமிழ்ப் புத்தகாலயத்தின் வழியே வாசகர் கைக்கு வந்தது 1966இல். இடைப்பட்டவை ஏழு ஆண்டுகள். இலக்கிய வரலாறுகள் இந்த ஏழாண்டை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. ஆனால் குமரி மாவட்டத்தில் நாவல் எழுத முனைந்தவனின் வாழ்வு எப்படிப்பட்டது என்பதை அறிய விரும்புவோர்க்கு, முடிவுற்ற நூலைக் காட்டிலும் அந்த இடைவெளியே மிகுதியாகச் சொல்லும்.

நாஞ்சில் நாடு என்பது கண்டிப்பாகப் பார்த்தால் தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள் மட்டுமே. எனினும் கல்குளத்தையும் விளவங்கோட்டையும் விலக்கிவிட்டு இப்பகுதியின் நாவலைப் பற்றிப் பேச இயலாது. இந்நான்கு வட்டங்களும் 1956 நவம்பர் 1 அன்றுதான் சென்னை மாநிலத்தோடு இணைந்து மாவட்டமாயின. அதற்கு முன் வளர்ந்தவர்களில் பலருக்கு வீட்டு மொழி ஒன்று, பள்ளி மொழி வேறொன்று. சுந்தர ராமசாமியின் இளமை கோட்டயத்தில் கழிந்தது. பள்ளியில் அவர் கற்றவை மலையாளமும் ஆங்கிலமும் வடமொழியும். மூட்டுவாத நோய் அவரைப் பல காலம் படுக்கையில் கிடத்தியது. பள்ளி இறுதித் தேர்வையும் அவர் தாண்டவில்லை. பதினெட்டு வயதை ஒட்டித்தான் தமிழ் எழுத்துகளைக் கற்றார். தாய்மொழியை வயது வந்தபின் எழுத்துக்கூட்டிப் படித்த ஒருவர், சில ஆண்டுகளிலேயே அம்மொழியின் உரைநடைக்குப் புதிய திருத்தம் தந்தது வியப்புக்குரியது. புதுமைப்பித்தனைப் படித்ததே அதற்குத் தூண்டுதல்.

1948இல் மறைந்த புதுமைப்பித்தனுக்கு 1951இல் நினைவு மலர் ஒன்றைத் தொகுத்து வெளியிட்டவரும் இவ்விளைஞரே. அவருடைய முதல் சிறுகதை அதில்தான் இடம்பெற்றது. மலர் என்றாலே வாழ்த்துரைகளும் விளம்பரங்களும் என்று ஆகிவிட்ட நிலையில், ஒரு மலரிலிருந்து ஓர் எழுத்து வாழ்வு தொடங்கியதை இலக்கிய வட்டங்கள் மறக்கலாகாது.

இனி, கடை. குடும்பத்துக்கு நாகர்கோவிலில் ஜவுளி வணிகம். மகனும் அதில் இறங்க வேண்டியதாயிற்று. காலையில் கல்லாவும் கணக்கும், நடுவே கொள்முதல், இரவில் மிஞ்சிய பொழுதில் எழுத்து என்ற வாழ்வு எந்த நாவலாசிரியனுக்கும் உகந்ததன்று என்பது பொதுக் கருத்து. அது பாதி உண்மைதான். புளியமரத்தைச் சுற்றி அந்நாவலில் நடப்பவை யாவை? கடைகளின் போட்டி, நகராட்சித் தேர்தல், பத்திரிகைச் செய்தி, பழங்கதை சொல்லிக் கேட்போரைக் கட்டிப்போடும் தாமோதர ஆசானின் பேச்சு. மரம் யாருக்கும் தீங்கிழைக்காமல் நிற்கிறது. மனிதர்களின் பேராசைகள் அதைச் சூழ்கின்றன. சந்தை நாற்சந்தியின் பேச்சை அன்றாடம் காதில் வாங்காதவர் இதை எழுதியிருக்க முடியுமா என்பது ஐயமே. கடை அவருடைய நேரத்தைத் தின்றது. கருப்பொருளையும் அதுவே தந்தது.

அந்த ஏழாண்டுகள் வெறுமையாகவும் கழியவில்லை. 1959இலேயே 'பசுவய்யா' என்ற பெயரில் அவர் கவிதைகள் 'எழுத்து' இதழில் வரத் தொடங்கின; கவிஞர்கள் இதைத் தனியே குறித்துக்கொள்ளலாம். தகழியின் 'செம்மீன்' அவருடைய மொழிபெயர்ப்பில் 1962இல் சாகித்திய அகாதெமி வெளியீடாக வந்தது. அழகியபாண்டியபுரத்துக் கிருஷ்ணன் நம்பியின் நட்பு அருகிலிருந்தது. எழுதியதைப் படித்துக் காட்ட ஒருவர் கிடைப்பது, சன்மானமும் புகழும் இல்லாத எழுத்தாளனுக்கு எத்தகைய பேறு என்பதைச் சிற்றூர்களிலிருந்து எழுதுவோர் நன்கு அறிவர்.

இதற்கிடையே 1964இல் ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' வந்துவிட்டது. பர்மாவில் பிறந்து, திருவனந்தபுரத்தில் ஆங்கிலம் கற்பித்த பேராசிரியை, பனைவிளைகளுக்கு நடுவே லிஸ்ஸி என்ற பெண்ணின் வாழ்வை விளவங்கோட்டுப் பேச்சுத் தமிழில் எழுதினார். மின்வாரியப் பொறியாளரான நீல பத்மநாபன் இரணியல் செட்டிமாரின் வாழ்வை 1968இல் 'தலைமுறைகள்' ஆக்கினார். இருவருக்கும் ஊதியம் தந்தது வேறு தொழில்.

ஊரிலிருந்தே எழுதியவர்களின் பாடு இதுவென்றால், ஊரைவிட்டுப் போனவரின் பாடு வேறு. வீரநாராயணமங்கலத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்த சுப்பிரமணியம் கணிதத்தில் முதுகலை முடித்தார். தக்க வேலை அமையவில்லை. 1972இல் பம்பாய் சென்றார். நெசவாலை எந்திரங்கள் சார்ந்த நிறுவனத்தில் வேலை. பின்னாளில் ஊர் ஊராகச் சுற்றும் விற்பனைப் பணி. 1975இல் 'தீபம்' இதழில் 'விரதம்' என்ற சிறுகதை. 1977இல் 'தலைகீழ் விகிதங்கள்' நாவல். நாஞ்சில் நாடன் என்ற பெயர் நிலைபெற்றது. படித்தும் வேலையற்ற சிவதாணு வசதியான வீட்டில் பெண்ணெடுத்து, அங்கே தன் மானத்தைப் படிப்படியாக இழப்பதை எழுதியபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. வயல் வரப்பும் அவியலும் தாய்வழி உறவுமுறைகளும் பம்பாயிலிருந்து எழுதப்பட்டதனாலேயே அத்தனை துல்லியமாக வந்தன எனலாம். பிரிந்தவனுக்கே ஊர் முழுதாகத் தெரிகிறது.

தேங்காய்ப்பட்டணத்துத் தோப்பில் முகம்மது மீரானின் காத்திருப்பு எல்லாவற்றினும் நீண்டது. மலையாளத்தில் பயின்றவர், திருநெல்வேலியில் வற்றல் வணிகம் செய்தவர். 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராகி, 1988இல் நூலானபோது அவருக்கு வயது 44. கடலோர முஸ்லிம் மக்களின் மொழி அச்சிலேறியதைக் கண்டு முகம் சுளித்தோரும் உண்டு. 1997இல் 'சாய்வு நாற்காலி'க்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அதன் பின்னும் மிளகாய் வற்றல் மூட்டைகளை அவர் கைவிட்டதில்லை.

மீண்டும் நாகர்கோவிலுக்கு வருவோம். புளியமரம் வெளிவந்த சில காலத்திற்குள் சுந்தர ராமசாமி ஏறத்தாழ ஆறாண்டுகள் எதுவும் வெளியிடாதிருந்தார். இரண்டாவது நாவலான 'ஜே.ஜே: சில குறிப்புகள்' 1981இல்தான் வந்தது. மறைந்துபோன மலையாள எழுத்தாளன் ஒருவனைத் தேடிச்செல்லும் தமிழ் எழுத்தாளன் பாலு அதில் கதைசொல்லி. எழுத விரும்புவதே அதன் பொருள். அவர் வீட்டில் கூடிய 'காகங்கள்' சந்திப்புகளில் இளைஞர்கள் கட்டுரை படித்தனர், சண்டையிட்டனர், பலர் எழுத்தாளராயினர்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில், தமிழ் கற்ற சூட்டோடு, அவர் தகழியின் மற்றொரு நாவலையும் மொழிபெயர்த்திருந்தார். அதுவும் 'சரஸ்வதி'யில் தொடராக வந்தது. 'தோட்டியின் மகன்' நூலாக அச்சேறிய ஆண்டு 2000. அப்போது மொழிபெயர்ப்பாளருக்கு வயது எழுபதை நெருங்கியிருந்தது.