மிளகாய் பிறந்த நாட்டின் கதை



விரிவாக்க அலுவலர் பேச வந்தால் விதை நேர்த்தி, உர அளவு, பூச்சி மருந்து என்றுதான் ஆரம்பிப்பார் என்று நினைத்திருப்பீர்கள். இன்றைக்கு அதையெல்லாம் கொஞ்சம் தள்ளி வைப்போம். போன பட்டத்தில் ஒரு கிராமத்தில் நிலக்கடலைக் கூட்டம் போட்டிருந்தோம். கூட்டம் முடிந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது ஒரு பெரியவர் கேட்டார்: "ஏங்க ஐயா, மல்லாட்டை நம்ம பாட்டன் பூட்டன் காலத்துப் பயிர்தானே?"

பாட்டன் காலத்தில் இருந்தது பெரியவரே, ஆனால் ராஜராஜ சோழன் காலத்தில் கிடையாது என்றேன். அவர் நம்பவில்லை. மல்லாட்டை என்ற பெயரே மணிலாக்கொட்டை என்பது தேய்ந்து வந்ததுதான். மணிலா என்பது பிலிப்பைன்ஸ் நாட்டுத் துறைமுகம். அமெரிக்காவிலிருந்து ஸ்பெயின்காரர்களின் கப்பல் வந்து நின்ற இடம். மல்லாட்டை மட்டுமா? மிளகாய், மக்காச்சோளம், மரவள்ளி, சர்க்கரைவள்ளி, உருளை, தக்காளி, கொய்யா, பப்பாளி, சீத்தா, முந்திரி, புகையிலை எல்லாமே அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். பறங்கிக்காய் யார் கொண்டுவந்தது என்று அதன் பெயரே சொல்லிவிடுகிறது. அதற்கு முன்பு நம் வீட்டுக் குழம்பில் காரம் என்றால் மிளகுதான். புதுக் காய் வந்ததும் மிளகு போலக் காரமான காய் என்று "மிளகாய்" ஆக்கிவிட்டோம்.

சரி, இந்தப் பயிர்களைக் காட்டிலிருந்து எடுத்து, நல்ல விதை பொறுக்கி, பல ஆயிரம் வருஷம் வளர்த்துக் கொடுத்த விவசாயிகள் யார்? அவர்கள் கதி என்ன ஆச்சு? அதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

1492ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் தேதி கொலம்பஸ் கரிபியன் கடல் பக்கத்துத் தீவு ஒன்றில் இறங்கினார். அவர் தேடிப் போனது நம்ம பக்கத்து மிளகையும் கீழ்நாட்டுப் பொன்னையும். இந்தியாவுக்கே வந்துவிட்டதாக எண்ணி, அங்கிருந்த மக்களை இந்தியர் என்று அழைத்தார். பிறகு இஸ்பானியோலா என்று பெயர் வைத்த பெரிய தீவுக்குப் போனார். இன்றைய ஹெய்ட்டியும் டொமினிக்கன் குடியரசும் சேர்ந்த தீவு அது.

அங்கிருந்த தைனோ மக்கள் நல்ல விவசாயிகள். மண்ணைக் குவித்து மேடு மேடாக அமைத்து, அதில் மரவள்ளிக் குச்சி நடுவார்கள். மண் பொலபொலவென்று இருக்கும்; மழைத் தண்ணீர் தேங்காது; கிழங்கு நன்றாக இறங்கும். மரவள்ளிக்கு இன்றைக்கு நாங்கள் சொல்லும் யோசனையும் அதுதானே! கசப்பு மரவள்ளியில் விஷச்சாறு உண்டு. அதைத் துருவி, பிழிந்து, சாற்றை வடித்துவிட்டு மாவை ரொட்டியாகச் சுட்டுவிடுவார்கள். அந்த ரொட்டி மாதக்கணக்கில் கெடாது. வந்திறங்கிய ஸ்பெயின்காரர்கள் வயிறு நிறைந்ததும் அந்த ரொட்டியால்தான்.

ஆனால் வந்தவர்களுக்கு வேண்டியது பொன். 1495 முதல் ஒரு வரி போட்டார்கள். பொன் கிடைக்கும் பகுதியில் 14 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை சின்ன மணி ஒன்று நிறையப் பொன்துகள் கொடுக்க வேண்டும். மற்ற இடங்களில் ஆளுக்குச் சுமார் 25 ராத்தல் பருத்தி. ஆற்று மணலை அரித்து எவ்வளவு பொன் எடுக்க முடியும்? குவாரியோனெக்ஸ் என்ற தைனோத் தலைவர் ஒரு மாற்று யோசனை சொன்னாராம். "எங்கள் ஆட்களுக்குப் பொன் எடுக்கத் தெரியாது. அதற்குப் பதில் இந்தக் கடலிலிருந்து அந்தக் கடல் வரைக்கும் பயிர் செய்து உங்களுக்குத் தானியம் தருகிறோம்" என்ற பொருளில் கேட்டதாக லாஸ் காசஸ் என்ற பாதிரியார் எழுதி வைத்திருக்கிறார். கொலம்பஸ் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு விவசாயி தன்னால் முடிந்ததைச் சொல்கிறான். வாங்குகிறவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்து வந்தது "என்கோமியண்டா" என்ற ஏற்பாடு. 1503இல் அரசாணை வந்தது. அதற்கு "ஒப்படைப்பு" என்று பொருள். எதை ஒப்படைத்தார்கள்? நிலத்தை இல்லை, மனிதர்களை! இன்ன ஸ்பெயின்காரருக்கு இன்ன தலைவரின் கீழுள்ள 50 பேர், இன்னாருக்கு 100 பேர் என்று பிரித்து எழுதிக் கொடுத்தார்கள். அவர்களுக்குப் பாதுகாப்புத் தருவதும் மதம் சொல்லிக் கொடுப்பதும் எசமானின் கடமை; பொன் எடுத்துத் தருவது அவர்கள் கடமை. காகிதத்தில் இது அடிமைத்தனம் இல்லை, கூலியும் உண்டு. நடப்பில் என்ன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

விவசாயக் கண்ணோடு யோசிச்சுப் பாருங்க. நடவுக் காலத்தில் ஆணைச் சுரங்கத்துக்குப் பிடித்துக்கொண்டு போனால் மேடு யார் போடுவது? குச்சி யார் நடுவது? வந்த கூட்டத்துக்கும் சேர்த்துச் சாப்பாடு வேண்டும். விளைவிக்கும் கை மட்டும் குறைந்துகொண்டே போகிறது. ஸ்பெயினிலிருந்து வந்த பன்றியும் மாடும் வேலியில்லாத கொல்லையில் புகுந்து மேய்ந்தன. பஞ்சம் வந்தது. 1508இல் அந்தத் தீவில் எண்ணப்பட்ட தைனோ மக்கள் சுமார் 60,000 பேர். 1514இல் சுமார் 26,000. பெரியம்மை அந்தத் தீவுக்கு வந்தது 1518 கடைசியில்தான். அதற்கு முன்பே பசியும் வேலையும் வேறு நோய்களும் பாதிப் பேருக்கு மேல் கொண்டுபோய்விட்டன. மிச்சத்தை அம்மை வாரிக்கொண்டது. நம் ஊரில் தலைமுறை தலைமுறையாகப் பழகிய நோய் அது. அவர்கள் உடம்புக்கு முற்றிலும் புதிது.

தட்டிக் கேட்க ஆளே இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தார்கள். 1511 டிசம்பரில் மொண்டேசினோஸ் என்ற துறவி சாண்டோ டொமிங்கோ கோயிலில், எசமான்களை எதிரே உட்கார வைத்துக்கொண்டே, இந்த மக்களை இப்படி வதைக்க உங்களுக்கு என்ன உரிமை என்று கேட்டார். அதன் பயனாக 1512இல் பர்கோஸ் சட்டங்கள் வந்தன. ஐந்து மாதம் சுரங்க வேலை என்றால் பிறகு 40 நாள் ஓய்வு, நாலு மாதத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணிகளைச் சுரங்கத்துக்கோ மேடு போடவோ அனுப்பக் கூடாது என்றெல்லாம் எழுதினார்கள். இதைச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியிருந்தது என்றால் அதுவரை என்ன நடந்திருக்கும்!

லாஸ் காசஸ் தாமே ஓர் எசமானாக இருந்தவர். 1514இல் மனம் மாறித் தமக்கு ஒப்படைத்த ஆட்களை விட்டுவிட்டார். பிறகு ஆயுள் முழுக்க அவர்களுக்காக வாதாடினார். ஒரு காலத்தில் இவர்களுக்குப் பதிலாக ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாம் என்றும் சொன்னார். அது தப்பு என்று பின்னால் வருந்தி எழுதினார். 1542இல் என்கோமியண்டாவைப் படிப்படியாக முடிக்கப் புதிய சட்டங்கள் வந்தன. பெரு நாட்டில் எசமான்கள் கலகம் செய்து, சட்டத்தை அமல் செய்ய வந்த அரசப் பிரதிநிதியையே 1546இல் கொன்றுவிட்டார்கள். அதற்குள் வாரிசு முறையை நிறுத்தும் முக்கியமான விதியை அரசரே 1545இல் வாபஸ் வாங்கியிருந்தார்.

அதே 1545இல் பொட்டோசி மலையில் வெள்ளி கிடைத்தது. 13,000 அடிக்கு மேற்பட்ட உயரம். வேலைக்கு ஆள்? இன்கா அரசர்கள் காலத்தில் "மீட்டா" என்று ஒரு முறைவேலை இருந்தது. சாலை, வாய்க்கால், களஞ்சியம் கட்ட ஊர் முறை வைத்து ஆள் அனுப்பும்; அரசு சோறு போடும். நம் ஊர்க் குடிமராமத்து மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1573 வாக்கில் டொலேடோ என்ற ஆளுநர் அதே பெயரை வைத்துக்கொண்டு, 16 மாகாணங்களிலிருந்து ஏழு ஆணில் ஒருவர் வீதம், வருஷத்துக்கு 13,000 பேருக்கு மேல் சுரங்கத்துக்கு வரும்படி செய்தார். பழைய ஊர் வழக்கத்தின் பெயர் இருந்தது. பலன் மட்டும் ஊருக்கு வரவில்லை. இந்த முறை 1812இல்தான் சட்டப்படி ஒழிந்தது. ஐரோப்பியக் கம்பெனிகள் சோழமண்டலக் கரையில் துணி வாங்கக் கொண்டுவந்த வெள்ளியிலும் இந்த அமெரிக்க வெள்ளி இருந்தது.

இனி கரும்புக்கு வருவோம். கரும்புச் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரை எடுக்கும் வித்தை நம் நாட்டிலிருந்து மேற்கே போனது. கொலம்பஸ் 1493இல் இரண்டாம் பயணத்தில் கரும்புக் கரணையை எடுத்துப் போனார். அதன் முழுக் கதையையும் பார்க்க வேண்டுமானால் பார்படோஸ் என்ற சின்னத் தீவைப் பார்க்கணும். பரப்பு 166 சதுர மைல்தான்.

1627இல் அங்கே ஆங்கிலேயர் குடியேறினார்கள். முதலில் சின்னச் சின்ன நிலம்; புகையிலையும் பருத்தியும். வேலைக்கு இங்கிலாந்து, அயர்லாந்து ஏழைகள் கப்பல் கூலிக்காக நாலு முதல் ஏழு வருஷம் வரை எழுதிக் கொடுத்து வந்தார்கள். வர்ஜீனியாவிலும் எல்லாரும் புகையிலையே போட்டதால் விலை சரிந்தது. பார்படோஸ் புகையிலை தரத்திலும் மட்டம். 1640களில் கரும்புக்கு மாறினார்கள்.

ஆலை போட்டவர்களுக்குத் தெரியும், வெட்டிய கரும்பு காத்திருக்காது. ஒன்றிரண்டு நாளில் பிழிந்தாக வேண்டும். பிழிந்த சாறு உடனே கொப்பரைக்குப் போயாக வேண்டும். ஆகவே ஆலையும் கொப்பரையும் மாடும் ஆளும் சொந்தமாக வைத்திருப்பவன்தான் அங்கே கரும்பில் நிற்க முடியும். முதல் இல்லாதவன் நிலத்தை விற்றான். 1647இல் ஒரு 500 ஏக்கர் தோட்டத்தின் பாதிப் பங்கே 7,000 பவுண்டுக்குப் போனது. 1680இல் 175 பெரிய தோட்டக்காரர்கள் கையில் தீவின் நிலத்தில் பாதிக்கு மேல் இருந்தது.

வேலைக்கு ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களை வாங்கி வந்தார்கள். 1661இல் தனி அடிமைச் சட்டமே போட்டார்கள். வெட்டும் காலத்தில் ஆலை இராப்பகலாக ஓடும். தூக்கக் கலக்கத்தில் உருளையில் கை மாட்டினால் கையை வெட்டி ஆளைக் காப்பாற்றப் பக்கத்திலேயே கோடரி வைத்திருப்பார்கள். மொத்தத்தில் அமெரிக்கக் கண்டம் முழுக்கச் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர் ஆப்பிரிக்கக் கரையில் கப்பலேற்றப்பட்டார்கள். உயிரோடு இறங்கியவர்கள் சுமார் 1 கோடியே 7 லட்சம். மிச்சப் பேர் கடலிலேயே போனார்கள்.

மண்ணும் சும்மா இருக்கவில்லை. காடெல்லாம் கொப்பரை அடுப்புக்குப் போனது. மழையில் மண் அரித்தது. பிறகு குழி குழியாக வெட்டிக் கரும்பு நட்டு, அடிமைகள் தலையில் எருக்கூடை சுமந்து போட வேண்டியதாயிற்று. சோற்றுக்குப் பயிர் வைத்தால் கரும்பு நிலம் குறையும் என்று உணவைக் கப்பலில் வாங்கினார்கள். 1775இல் வட அமெரிக்கச் சுதந்திரப் போர் தொடங்கி அந்தக் கப்பல்கள் நின்றபோது, கரிபியன் ஆங்கிலத் தீவுகளில் அடிமைகள் ஆயிரக்கணக்கில் பட்டினியில் செத்தார்கள். சுற்றிலும் கரும்பு, சாப்பிட ஒரு பிடி இல்லை.

பிரிட்டிஷ் பார்லிமெண்ட் 1833இல் அடிமை முறையை ஒழித்தபோது 2 கோடி பவுண்டு நஷ்டஈடு ஒதுக்கியது. யாருக்கு? எசமான்களுக்கு. விடுதலை ஆனவர்களுக்கு ஒரு காசு கிடையாது. அதன் பிறகு ஆள் தேடி நம் பக்கம் திரும்பினார்கள். பிரெஞ்சுக்காரர் 1848இல் அடிமை முறையை நிறுத்தினார்கள். 1853 முதல் புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாக மார்ட்டினிக்குக்கும், மறு வருஷம் குவாடலூப்புக்கும் போனார்கள். அங்கே கரும்பு வெட்டினார்கள். கூடவே மாரியம்மனையும் கொண்டு போனார்கள். அந்த வழிபாடு இன்றைக்கும் அங்கே இருக்கிறது.

வேப்பமரத்தடிப் பெரியவர் இவ்வளவையும் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "அப்ப பயிர்மேல தப்பு இல்லைங்களே?" ஆமாம் பெரியவரே, பயிர் மேல் தப்பே இல்லை. அதே மரவள்ளி தைனோக்காரர் கையில் இருந்தபோது ஊருக்குச் சோறு போட்டது. அதே கரும்பு நம் ஆலைக்கொட்டகையில் வெல்லமாகிறது. நிலம் யார் பெயரில், வேலை நாளை முடிவு செய்வது யார், எடையும் விலையும் சொல்வது யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எங்களைப் போன்றவர்கள் ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று மட்டும் பேசினால், இந்தக் கேள்விகளையும் நீங்கள் கேளுங்கள். கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறது. குவாரியோனெக்ஸுக்கு அது இல்லாமல் போனது. பணப்பயிர் போடுங்கள், ஆனால் வீட்டுச் சோற்றுக்கு ஒரு துண்டு நிலத்தை ஒதுக்கி வைத்துக்கொண்டு போடுங்கள்.

அடுத்த வாரம் நிலக்கடலையில் டிக்கா இலைப்புள்ளி பற்றிப் பேசுகிறேன்.