கம்பி அறுந்தாலும் குரல் அறாது: களநாளின் கதை



ஆண்டுதோறும் ஜூன் திங்களின் நான்காவது முழு வார இறுதியில், வட அமெரிக்காவின் பூங்காக்களிலும் பள்ளித் திடல்களிலும் மலைச்சரிவுகளிலும் ஒரு விந்தையான காட்சியைக் காணலாம். கூடாரங்கள் எழும்பும். உயர்ந்த மரக்கிளைகளின் மேல் கயிறு வீசப்படும். அக்கயிற்றின் நுனியைப் பற்றிக்கொண்டு மெல்லிய செம்புக்கம்பி மேலேறும். ஒரு மூலையில் ஜெனரேட்டர் உறுமும். இன்னொரு மூலையில் சூரியத் தகடுகள் வெயிலை நோக்கிச் சாய்ந்திருக்கும். மடக்கு மேசைகளின் முன் அமர்ந்தவர்கள், முன்பின் பார்த்திராத மனிதர்களைக் குறியெழுத்துச் சொல்லி அழைத்துக்கொண்டே இருப்பார்கள். ஓர் இரவும் ஒரு பகலும் இவ்வாறே கழியும்.

இதற்கு ஆங்கிலத்தில் ‘ஃபீல்ட் டே’ என்று பெயர். இக்கட்டுரையில் இதனைக் ‘களநாள்’ என்றே வழங்குகிறேன். இதில் பங்கேற்பவர்கள் ‘ஹாம்’ எனப்படும் தன்னார்வ வானொலியாளர்கள். தேர்வெழுதி உரிமம் பெற்று, எவ்வித ஊதியமும் இன்றி, சொந்தக் கருவிகளைக் கொண்டு உலகத்தோடு பேசுகிறவர்கள் அவர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் களநாள் ஒரு போட்டிதான். எந்தக் கழகம் அதிக நிலையங்களோடு தொடர்பு கொண்டது என்று புள்ளிக்கணக்கு பார்க்கிறார்கள். ஆயினும் அதன் விதிகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தால், அவற்றுள் ஒரு நூற்றாண்டு வரலாறு ஒளிந்திருப்பது புலப்படும்.

வாயடைக்கப்பட்டவர்கள்

1912-ஆம் ஆண்டு ஏப்ரலில் டைட்டானிக் கப்பல் மூழ்கியது. அப்பேரிடரின்போது வான்வெளியில் கேட்ட குழப்பத்திற்குப் பொழுதுபோக்கு வானொலியாளர்களும் ஒரு காரணம் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அவ்வாண்டே அமெரிக்க அரசு வானொலிச் சட்டம் ஒன்றை இயற்றி, இவர்கள் 200 மீட்டரும் அதற்குக் கீழும் உள்ள அலைகளில் மட்டுமே இயங்கலாம் என்று ஒதுக்கி வைத்தது. நெடுந்தொலைவுக்கு உதவாதவை என்று அந்நாளில் பலரும் கருதிய அலைகள் அவை!

1914-இல் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்ட் நகரைச் சேர்ந்த ஹைரம் பெர்சி மாக்சிம், அண்டையில் இருந்த ஸ்பிரிங்ஃபீல்ட் நகருக்குச் செய்தி ஒன்றை அனுப்ப முயன்றார், முடியவில்லை. இடைவழியில் இருந்த மற்றொரு வானொலியாளர் அச்செய்தியை வாங்கி, மேலே கடத்திக் கொடுத்தார். ஒருவர் கைமாற்றி மற்றவரிடம் கொடுத்தால் எந்தச் செய்தியும் எந்த ஊரையும் சென்றடையும் என்ற எண்ணம் அங்கே பிறந்தது. அவ்வெண்ணத்தின் வடிவமே அவ்வாண்டு தோன்றிய ‘அமெரிக்கன் ரேடியோ ரிலே லீக்’. இன்றும் களநாளை நடத்துவது இச்சங்கமே.

மூன்றே ஆண்டுகளில் இடி விழுந்தது. 1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியதும், எல்லாத் தனியார் நிலையங்களையும் மூடிவிட வேண்டும் என்று ஆணை பிறந்தது. 1918 நவம்பரில் போர் முடிந்தது. ஆனால் தடை நீங்கவில்லை. வானொலி முழுவதையும் கடற்படையின் கையில் ஒப்படைத்துவிடலாம் என்ற முயற்சிகூட நடந்தது. சங்கம் அதனை எதிர்த்துப் போராடியது. 1919-ஆம் ஆண்டின் இறுதியில்தான் மீண்டும் செய்தி அனுப்பும் உரிமை கிடைத்தது.

1923 நவம்பரில் அமெரிக்காவின் ஃபிரெட் ஷ்னெல், ஜான் ரைனார்ட்ஸ் ஆகிய இருவரும், பிரான்சு நாட்டின் நீஸ் நகரில் இருந்த லியோன் தெலுவாவும் அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டி இருவழி உரையாடல் நடத்தினர். அவர்கள் பயன்படுத்திய அலையின் நீளம் ஏறத்தாழ 110 மீட்டர். உதவாது என்று ஒதுக்கப்பட்ட இடத்திலிருந்தே கடல் கடந்த குரல் எழுந்தது.

இவ்வரலாறு அவர்களுக்கு ஒன்றைத் தெளிவாகக் கற்பித்தது. வான்வெளியில் தங்களுக்கு உள்ள இடம் யாரும் எழுதிக் கொடுத்த சொத்தன்று. ஓர் ஆணையில் பறிபோகக் கூடியது. பொதுமக்களுக்குப் பயன்படுகிறோம் என்று காட்டினால்தான் அவ்விடம் நிலைக்கும்.

1933: வீட்டை விட்டு வெளியே வா!

1930-களின் தொடக்கத்தில் ஹாம் நிலையம் என்றால் பெரும்பாலும் வீட்டின் ஓர் அறை. மரப்பலகைமேல் பொருத்திய வெற்றிடக் குழாய்கள், கனமான மின்மாற்றிகள், சுவரிலிருந்து வரும் மின்சாரம். எல்லாம் சரி. புயல் அடித்து மின்கம்பம் சாய்ந்தால்? வீடே வெள்ளத்தில் மூழ்கினால்? எந்த நாளில் அந்நிலையம் மிகவும் தேவைப்படுமோ, அந்த நாளில் அது ஊமையாகிவிடும் அல்லவா?

இக்கேள்விக்கு விடையாக வந்ததே களநாள். சங்கத்தின் தகவல் தொடர்பு மேலாளராக இருந்த எஃப். இ. ஹாண்டி இதனைத் தோற்றுவித்தார். 1926-இல் வானொலியாளர்களுக்கான புகழ்பெற்ற கையேட்டின் முதற்பதிப்பை எழுதியவரும் இவரே. 1933 ஜூன் திங்களில் முதல் களநாள் நடந்தது. கருவியைத் தூக்கிக்கொண்டு வெட்டவெளிக்குச் செல்லுங்கள். அங்கிருந்து பேச முடிகிறதா என்று பாருங்கள். சுருக்கமாகச் சொன்னால் செய்தி இவ்வளவுதான்.

சோதனை வருவதற்கு நெடுங்காலம் ஆகவில்லை. 1936 மார்ச்சில் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. தந்திக் கம்பிகளும் தொலைபேசிக் கம்பிகளும் அறுந்த ஊர்களிலிருந்து வானொலியாளர்கள் செய்தி கடத்தினர். 1938 செப்டம்பர் 21-ஆம் நாள் நியூ இங்கிலாந்துப் பகுதியைச் சூறாவளி தாக்கியபோது, ரோட் ஐலண்ட் மாநிலத்தின் வெஸ்டர்லி என்னும் சிற்றூரிலிருந்து வில்சன் பர்ஜஸ் என்பவர் வெளியுலகோடு தொடர்பு கொண்டு உதவி வேண்டினார். அப்பணிக்காக அவருக்கு அந்நாளில் பெருமதிப்புடைய பேலி விருது வழங்கப்பட்டது.

1941 டிசம்பரில் அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கியது. இரண்டாம் முறையும் வாய்ப்பூட்டு! 1942 முதல் 1945 வரை களநாள் நடைபெறவில்லை. எனினும் இம்முறை ஒரு வேறுபாடு இருந்தது. 1942-இல் உள்ளூர்ப் பாதுகாப்புக்கென ‘போர்க்கால அவசர வானொலிச் சேவை’ தொடங்கப்பட்டபோது, அதனை இயக்க இவ்வானொலியாளர்களின் திறமை நாடப்பட்டது. 1917-இல் இவர்களை இடையூறாகக் கண்ட அரசு, 1942-இல் இவர்களைத் துணையாகவும் கண்டது. இடையில் நிகழ்ந்த வெள்ளங்களையும் புயல்களையும் நினைத்துப் பார்த்தால், அம்மாற்றத்தின் காரணம் விளங்கும்.

விதிக்குள் இருக்கும் பாடம்

இப்பொழுது விதிகளுக்கு வருவோம்.

முதலாவது, நேரம். போட்டி உலகப் பொது நேரப்படி சனிக்கிழமை 18 மணிக்குத் தொடங்குகிறது. நம் மலேசிய, சிங்கப்பூர் நேரப்படி ஞாயிறு பின்னிரவு 2 மணி. கூடாரம் அடிக்கவும் ஆன்டெனா உயர்த்தவும் மொத்தம் 24 மணி நேரத்திற்கு மேல் எடுத்துக்கொள்ளக் கூடாது. பேரிடர் நமக்காக ஒரு வாரம் காத்திருக்காது என்பதே இதன் பொருள்.

இரண்டாவது, மின்சாரம். வெட்டவெளிக்கு வரும் கழகம் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உண்டாக்க வேண்டும். முழுவதும் அவசர மின்சாரத்தில் இயங்கும் ஒவ்வோர் அலைபரப்பிக்கும் 100 புள்ளிகள் கூடுதலாகக் கிடைக்கும். வீட்டில் அமர்ந்து சுவர் மின்சாரத்தில் பேசுவோர்க்கு ‘டி’ என்ற தனிப்பிரிவு உண்டு. 2020 வரை அப்பிரிவினர் தமக்குள் பேசிக்கொண்டால் புள்ளி கிடையாது. கோவிட் பெருந்தொற்றினால் கூட்டம் கூட இயலாத அவ்வாண்டில்தான் அவ்விதி தளர்த்தப்பட்டது.

மூன்றாவது, திறன். பேட்டரியிலோ சூரிய ஒளியிலோ 5 வாட் அல்லது அதற்கும் குறைந்த திறனில் பேசினால் தொடர்புப் புள்ளிகள் ஐந்தால் பெருக்கப்படும். ஐந்து வாட் என்பது ஒரு சிறிய இரவு விளக்கின் அளவு! குரலில் ஒரு தொடர்புக்கு ஒரு புள்ளி. மோர்ஸ் குறிப்பிலோ எண்மின் முறையிலோ இரண்டு புள்ளி. மின்சாரம் அரிதாகும் நாளில், குறைந்த திறனில் நெடுந்தொலைவு செல்லும் முறைக்கு மதிப்பு அதிகம்.

ஓர் ஆசிரியர் என்ற முறையில் என் உள்ளம் கவர்ந்த விதி நான்காவது. 18 வயதோ அதற்கும் குறைந்த வயதோ உடைய இளையோர் கருவியின் முன் அமர்ந்து ஒரு தொடர்பாவது செய்து முடித்தால், ஒருவருக்கு 20 புள்ளி வீதம் 100 புள்ளிகள் வரை கழகத்திற்குச் சேரும். கைமாற்றிக் கொடுக்க அடுத்த கை வேண்டும் அல்லவா?

ஆயத்தம்

களநாளுக்குச் சில வாரங்கள் முன்பே வேலை தொடங்கிவிடும். இடம் தேர்வதே முதல் வேலை. உயர்ந்த மரங்கள் வேண்டும். மின்கம்பிகள் அருகில் இருக்கவே கூடாது. எளிய ஆன்டெனாவின் நீளத்தை ஒரு பள்ளி மாணவனே கணக்கிடலாம். 143-ஐ மெகாஹெர்ட்ஸ் அளவால் வகுத்தால் மீட்டரில் விடை கிடைக்கும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 20 மீட்டர் கம்பி. பகலில் நெடுந்தொலைவுக்கு 20 மீட்டர் அலைவரிசை கைகொடுக்கும். இருட்டியதும் 40, 80 மீட்டர் அலைவரிசைகளுக்கு மாற வேண்டும். ஆகவே இரண்டிற்கும் கம்பி வேண்டும்.

ஒரே திடலில் மூன்று நிலையங்கள் இயங்கினால் ஒன்றின் அலை மற்றொன்றின் காதை அடைத்துவிடும். இதற்காக ஆன்டெனாக்களைத் தள்ளித் தள்ளி அமைப்பார்கள், வடிகட்டிகளையும் பொருத்துவார்கள். நள்ளிரவில் யார் விழித்திருப்பது, ஜெனரேட்டருக்கு யார் எரிபொருள் ஊற்றுவது, மழை வந்தால் எதை முதலில் மூடுவது என்பன எல்லாம் முன்கூட்டியே பட்டியலிடப்படும். இப்பட்டியலில் விடுபட்ட ஒரு சிறு இணைப்பு முனைகூட இரவு முழுவதையும் வீணாக்கிவிடும். ஆனால் அது ஜூன் மாதத்துத் திடலில் தெரியவந்தால் இழப்பு சில புள்ளிகள்தான். வெள்ளத்தின் நடுவே தெரியவந்தால்?

அந்தமானில் ஒரு விடியல்

அமெரிக்கக் களநாளைச் சாராத, ஆனால் அதே பயிற்சியின் பயனைக் காட்டும் ஒரு நிகழ்வு நம் பக்கத்துக் கடலிலேயே நடந்தது.

2004 டிசம்பரில், ஐதராபாத்திலுள்ள தேசிய ஹாம் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு அந்தமானின் போர்ட் பிளேர் நகருக்குச் சென்றிருந்தது. 1987-க்குப் பிறகு அத்தீவுகளிலிருந்து ஹாம் ஒலிபரப்புக்கு அனுமதி கிடைத்தது அப்பொழுதுதான். உலகெங்கும் உள்ள வானொலியாளர்களோடு தொடர்பு கொண்டு மகிழ்வதற்காகத் தற்காலிகமாக ஆன்டெனா கட்டி, நிலையம் அமைத்திருந்தார்கள். டிசம்பர் 26 காலையில் நிலம் நடுங்கியது, கடல் பொங்கியது. தீவுகளின் தொலைபேசித் தொடர்பு அறுந்தது. மகிழ்ச்சிக்காக அமைத்த நிலையம் சில மணி நேரத்தில் அவசர நிலையமாக மாறியது. உற்றார் உயிரோடு இருக்கிறார்களா என்று தவித்தவர்களின் கேள்விகளும் விடைகளும் அவ்வழியே தீவுக்கும் பெருநிலத்திற்கும் இடையே சென்றன. அதே பேரலைதான் பினாங்கு, கெடா கரைகளையும் தாக்கி, மலேசியாவில் 68 உயிர்களைப் பறித்தது என்பதை நாம் மறந்திருக்க மாட்டோம்.

“சார், எல்லாரிடமும் கைத்தொலைபேசி இருக்கிறதே, இது இனி எதற்கு?” என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். கைத்தொலைபேசி தனித்து இயங்குவதில்லை. அதன் பின்னால் கோபுரமும், கோபுரத்திற்கு மின்சாரமும், கோபுரங்களை இணைக்கும் கம்பிவடமும் இருக்கின்றன. இவற்றுள் ஒன்று அறுந்தாலும் கையிலிருப்பது வெறும் கண்ணாடித் துண்டு. ஹாம் நிலையத்திற்கு ஒரு பேட்டரியும், ஒரு கம்பியும், ஒரு மரமும், பழகிய ஒரு மனிதரும் போதும்.

இவற்றுள் முதல் மூன்றையும் கடையிலும் காட்டிலும் பெற்றுவிடலாம். நான்காவதைப் பழக்கித்தான் பெற வேண்டும். வருமுன் காக்கும் அப்பழக்கத்திற்கு ஆண்டுக்கொரு முறை அவர்கள் ஒதுக்கும் நாளே களநாள். நம் நாட்டிலும் 9எம்2 என்ற குறியெழுத்தோடு உரிமம் பெற்ற வானொலியாளர்கள் இருக்கிறார்கள். சிங்கப்பூரில் 9வி1 என்ற குறியெழுத்தோடு இருக்கிறார்கள். அமெரிக்கக் களநாளில் பரிசுக் கணக்கு அனுப்ப இவர்களுக்கு வழியில்லை. ஆனால் இவர்களோடு பேசுகிறவர்க்குப் புள்ளி உண்டு. பின்னிரவு 2 மணிக்கு விழித்திருக்கும் வழக்கமுள்ள மாணவர் எவரேனும் இதைப் படித்தால், அருகிலுள்ள ஹாம் கழகத்தின் கதவை ஒருமுறை தட்டிப் பார்க்கட்டும்.